மேட்டில் வெள்ளம் நிற்காது: சபைப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பக்கத்துச் சபையில் கமிட்டித் தேர்தல் முடிந்த வாரம். முதல் தடவையாக ஜெயித்த ஒரு தம்பி மார்த்தாண்டம் சந்தையில் என்னை நிறுத்தினான். "சாரே, பொறுப்பேற்பு ஆராதனையில் பாஸ்டர் தாழ்மை, ஆலோசனை, மனந்திரும்புதல் என்று மூன்று காரியம் பேசினார். முதல் இரண்டும் புரிந்தது. கமிட்டியில் மனந்திரும்புதலுக்கு என்ன வேலை?" என்றான். மீன் பையோடு நின்றுகொண்டு எவ்வளவு சொல்ல முடியும்? கொஞ்சம் சொன்னேன். மிச்சம் இது.

நான் இறையியல் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். இரண்டு தவணை சபைச் செயலாளராக இருந்தேன். இரண்டாவது தவணையில் ஒரு சுவர் விழுந்தது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். தமிழில் 'பெருமை' இரண்டு பக்கமும் வெட்டும். மகள் நர்சிங் முடித்தாள், பெருமையாக இருக்கிறது என்றால் அதில் பாவம் ஒன்றும் இல்லை. அதனாலோ என்னவோ, நம் வேதாகமம் கண்டிக்க வரும் இடங்களில் பெருமையோடு அகந்தை, மேட்டிமை என்ற சொற்களையும் சேர்த்துக்கொள்கிறது. "அழிவுக்கு முன்னானது அகந்தை, விழுதலுக்கு முன்னானது மனமேட்டிமை" என்பது நீதிமொழிகள் 16:18. மேட்டிமைக்குள் ஒரு மேடு இருக்கிறது, கவனித்தீர்களா? நம் ஊரில் எது மேடு, எது பள்ளம் என்பது மழை பெய்தால் தெரிந்துவிடும். ரப்பர் நிற்கும் பொற்றையில் வெள்ளம் நிற்காது, இறங்கி ஏலாவுக்குப் போய்விடும். (இங்கே பொற்றை என்றால் குன்று, ஏலா என்றால் வயல்வெளி, வெள்ளம் என்றால் தண்ணீர். வடக்கே இருந்து படிக்கிறவர்கள் பயந்துவிட வேண்டாம்.) மேட்டிமை பிடித்த மனசிலும் அப்படித்தான், மற்றவர்கள் சொல்வது எதுவும் தங்காது.

ஆகவே ஒருவருக்கு மேட்டிமை இருக்கிறதா என்று பார்க்க நான் அவர் வாயைக் கவனிப்பதில்லை, காதைத்தான் கவனிப்பேன். வாய் நிறையத் தற்பெருமை பேசுகிற ஆளால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். "நான் ஒன்றுமில்லை, எல்லாம் கர்த்தர்" என்று மெதுவாகப் பேசிக்கொண்டு, கணக்குப் புத்தகத்தை மட்டும் யாரும் தொட விடாதவர் ஒருவர் இருப்பார். அவரிடம்தான் கவனம் வேண்டும்.

வாயில் வராதது வேறு வழியில் வெளியே வரும். சவுல் ராஜா அமலேக்கியரை ஜெயித்துவிட்டு வந்ததும் முதல் காரியமாகக் கர்மேலில் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டினான் (1 சாமுவேல் 15:12). நம்முடைய ஆலயச் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் பார்க்கும்போது இந்த வசனம் ஞாபகம் வரும். கட்டிய வருஷத்தைவிடக் கமிட்டிக்காரர்களின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். என் பெயரும் இரண்டு கல்லில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

அறுப்பின் பண்டிகை ஏலமும் அப்படித்தான். முதல் பலனாக வந்த மட்டிப்பழக் குலை ஒன்று. சந்தையில் அதன் விலை என்ன என்று ஏலம் கேட்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் இரண்டு பெரிய மனுஷர் எதிரெதிரே நின்றுவிட்டால் சந்தை விலையின் பத்து மடங்கைத் தாண்டி ஓடும். சபைக்குப் பணம் வருகிறது, நல்லதுதான். ஏலத்தை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பணத்தில் காணிக்கை எவ்வளவு, மீசை எவ்வளவு என்று குலைக்கு மட்டும் தெரியாது. அப்புறம் ஆறு மாதம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

தலைமைக்கு வந்தவரை இந்த மேட்டிமை எப்போது பிடிக்கிறது? தோற்கும்போது இல்லை. உசியா ராஜாவின் வரலாற்றை 2 நாளாகமம் 26இல் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பதினாறு வயதில் ராஜாவாகி 52 வருஷம் ஆண்டவன். கோபுரங்கள் கட்டினான், துரவுகள் வெட்டினான், விவசாயத்தில் அவனுக்குப் பிரியம் என்றுகூட எழுதியிருக்கிறது. நம் ஊர்க்காரனாக இருந்திருந்தால் ஊரே மெச்சியிருக்கும். பிறகு ஒரு வரி வருகிறது: அவன் பலப்பட்டபோது அவனுடைய மனம் மேட்டிமையாயிற்று. அப்படி அவன் செய்த குற்றம் என்ன? திருடவில்லை, குடிக்கவில்லை. தேவாலயத்துக்குள் போய்த் தூபங்காட்டப் பார்த்தான். பரிசுத்தமான காரியம்தான், ஆனால் அது ஆசாரியரின் வேலை, ராஜாவின் வேலை இல்லை. அசரியா என்ற ஆசாரியனும் அவனோடு எண்பது பேரும் உள்ளே போய்த் தடுத்தார்கள். எண்பத்தொரு பேர் 'வேண்டாம்' என்கிறார்கள், இவனுக்குக் கோபம் வருகிறது. கையில் தூபகலசத்தோடு நின்று கோபப்படும்போதுதான் நெற்றியில் குஷ்டம் தோன்றியது என்கிறது வேதம். ஊழியக்காரர்களின் மேட்டிமை பெரும்பாலும் இப்படி, கையில் தூபகலசத்தோடுதான் வருகிறது. பக்தி வைராக்கியம் என்று பெயர் போட்டுக்கொள்ளும்.

அடுத்தது ஆலோசனை. இதற்கு ரெகொபெயாமை விட்டால் வேறு பாடம் இல்லை (1 இராஜாக்கள் 12). சாலொமோனின் மகன். சீகேமில் ஜனங்கள் கூடி, உம்முடைய தகப்பன் வைத்த நுகம் பாரமாக இருக்கிறது, லகுவாக்கும் என்றார்கள். மூன்று நாள் தவணை கேட்டான். அதுவரை நல்ல தலைவன்தான். முதியோரிடம் கேட்டான். இன்றைக்கு நீர் இவர்களுக்குச் சேவகனாக நடந்து நல்ல வார்த்தை பேசினால் என்றைக்கும் இவர்கள் உமக்குச் சேவகராக இருப்பார்கள் என்றார்கள். பிறகு தன்னோடு வளர்ந்த வாலிபரிடம் கேட்டான். என் சுண்டுவிரல் என் தகப்பனுடைய இடுப்பைவிடப் பருமன் என்று சொல்லும், அவர் சவுக்கால் அடித்தார், நான் தேளால் அடிப்பேன் என்று சொல்லும் என்று அவர்கள் எழுதிக்கொடுத்த மாதிரி சொன்னார்கள். மூன்றாம் நாள் அவன் தேளைத்தான் எடுத்தான். பத்துக் கோத்திரம் கையை விட்டுப் போயிற்று.

இதைப் பிரசங்கிக்கிறவர்கள் பலரும் பெரியவர்கள் பேச்சைக் கேள், வாலிபர் பேச்சைக் கேட்காதே என்று முடித்துவிடுகிறார்கள். அது சரியான பாடம் என்று எனக்குத் தோன்றவில்லை. ரெகொபெயாமுக்கு அப்போது வயது 41. அவனோடு வளர்ந்தவர்கள் மீசை முளைக்காத பையன்களா என்ன? அவர்களிடம் இருந்த குறை வயது இல்லை. அவன் சுகமாக இருந்தால்தான் அவர்களுக்கும் சுகம் என்கிற நிலையில் இருந்தார்கள். அவன் நன்றாக இருக்க வேண்டும் என்பதைவிட, அவன் தங்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர்களுக்கு முக்கியம். ரெகொபெயாம் பக்கத்துக் குறையும் கேட்காமல் இருந்தது இல்லை, கேட்டான், இரண்டு குழுவிடமும் கேட்டான். தனக்குப் பிடித்த பதில் வரும்வரை கேட்டான். நம் கமிட்டிகளில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். "எல்லாரையும் கலந்துதான் முடிவெடுத்தோம்" என்பார்கள். மினிட்ஸ் புத்தகத்தில் எல்லாருடைய கையெழுத்தும் இருக்கும். மறுத்துச் சொன்னவர் யார், என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு வரி இருக்காது.

அந்தக் கதையின் பின்பகுதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. பிரிந்துபோன கோத்திரங்கள்மேல் யுத்தம் பண்ண ரெகொபெயாம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேரைத் திரட்டினான். செமாயா என்ற தீர்க்கதரிசி ஒருவர் வந்து, போகாதே, அவர்கள் உன் சகோதரர் என்றார். ஆச்சரியம், கேட்டான். எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒருமுறை காது அடைத்துப்போனவனுக்கு மறுபடி கேட்காது என்று இல்லை.

அப்படியானால் நல்ல ஆலோசனை எங்கே கிடைக்கும்? உங்களால் ஆதாயம் எதுவும் இல்லாதவரிடம். மோசேக்குச் சொன்னவர் எத்திரோ, மீதியானிய ஆசாரியர், மாமனார் வேறு. காலையிலிருந்து சாயங்காலம்வரை மோசே ஒருவராக நியாயம் விசாரிப்பதைப் பார்த்துவிட்டு, நீர் செய்கிறது நல்லதல்ல என்று நேரே சொன்னார். சினாயில் தேவனோடு பேசப் போகிற மனுஷன் மாமனார் சொன்னதைக் கேட்டு, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, பத்துப் பேருக்கு என்று ஆள் வைத்தார். 

நம் குமரி மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1741 குளச்சல் சண்டையில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய். பிறகு அதே திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கியவர், கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அரண்மனை அதிகாரியான நீலகண்டன் நஷ்டங்களால் நொந்து கிடந்தபோது, அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னது இந்த டிலனாய்தான். அந்த நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். தோற்றுப்போய்ச் சிறைப்பட்டு வந்த ஒரு பரதேசி சொல்வதற்கு அரண்மனை அதிகாரி ஒருவர் உட்கார்ந்து காது கொடுத்தாரே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

குமரிக் கடலில் 133 அடிக்கு நிற்கிற வள்ளுவரும் இதைத்தான் சொன்னார்: "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்." இடித்துச் சொல்ல ஆள் இல்லாத ராஜாவைக் கெடுக்க எதிரி வேண்டாம், தானே கெடுவான். பங்குப் பேரவைத் தலைவருக்கும் சபைச் செயலாளருக்கும் சேர்த்துத்தான்.

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். மனந்திரும்புதல் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது கன்வென்ஷன் பந்தலும் கண்ணீரும்தான். எபிரெயத்தில் இதற்குள்ள சொல் 'ஷூப்'. சும்மா 'திரும்பு' என்று அர்த்தம், வழி தவறியவன் திரும்பி நடப்பது. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் 'மெட்டநோயா', எண்ணம் மாறுவது. இரண்டிலும் கண்ணீர் கட்டாயம் இல்லை. கண்ணீர் வந்தால் வரட்டும். நடை திரும்பியதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சவுலையும் தாவீதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் சொன்னது ஒரே வாக்கியம்தான்: நான் பாவஞ்செய்தேன். தேவன் அழிக்கச் சொன்ன அமலேக்கியரின் ஆடுமாடுகளைத் தப்பவைத்ததற்குச் சவுல் முதலில் ஜனங்கள்மேல் பழி போட்டான், அவர்களுக்குப் பயந்தேன் என்றான். பிறகு தீர்க்கதரிசி சாமுவேலிடம், பாவஞ்செய்தேன், ஆனாலும் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டான். அவன் கவலை எல்லாம் மேடையில் தன் நாற்காலி இருக்குமா என்பதுதான். பத்சேபாளுக்காக அவள் புருஷனைக் கொல்லவைத்த தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்றபோது, அவனுக்கு நாற்காலி ஞாபகம் வரவில்லை. 'ஆனாலும்' என்ற சொல்லும் வரவில்லை.

தாவீதிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. அத்தனை பேசின நாத்தானை அவர் அரண்மனையை விட்டுத் துரத்தவில்லை. தாவீது கிழவராகிப் படுக்கையில் கிடந்தபோதும் உள்ளே வந்து பேசும் உரிமை நாத்தானுக்கு இருந்தது. பத்சேபாள் பெற்ற பிள்ளைகளில் ஒருவனுக்குப் பெயரே நாத்தான் (1 நாளாகமம் 3:5). தீர்க்கதரிசியின் ஞாபகமாகத்தான் வைத்தார்கள் என்று வசனம் சொல்லவில்லை. எனக்கு அப்படி நினைத்துக்கொள்ளப் பிடித்திருக்கிறது. ஒரு தலைவர் மனந்திரும்பிவிட்டார் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: அவரைக் கண்டித்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்களா?

நடை திரும்புவது என்றால் என்ன என்பதற்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் சாமர்வெல்லைச் சொல்வேன். 1922 எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்தவர். எல்லாரும் களைத்துப்போன நிலையில் மூன்றாவது முயற்சி வேண்டாம் என்றார் குழுவின் டாக்டர் லாங்ஸ்டாஃப். சாமர்வெல்லும் ஒரு டாக்டர்தான், பெரிய ஆபத்து இல்லை என்ற பக்கம் நின்றார். ஏறினார்கள். பனிச்சரிவில் சுமை தூக்கி வந்த ஏழு பேர் இறந்தார்கள், வெள்ளைக்காரர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று அவர் பின்னாளில் எழுதினார். அதே வருஷம் இந்தியாவைச் சுற்றி வரும்போது நெய்யூருக்கு வந்தார். காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தையும், அவ்வளவு பேரையும் பார்க்கத் தவித்துக்கொண்டிருந்த டாக்டரையும் கண்டு, லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே ஊழியத்துக்கு வந்துவிட்டார். அந்த ஏழு சாவுதான் அவரை இங்கே கொண்டுவந்தது என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும், நான் எழுத மாட்டேன். ஆனால் 'எங்களில் ஒருவராவது' என்று எழுதிய கை அதன்பின் பல வருஷம் நம் ஊர்க்காரர்களின் வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தது. அது நடந்த காரியம்.

இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். மன்னிப்பு வேறு, பதவி வேறு. காணிக்கைப் பணத்தில் கை வைத்தவர் அழுது ஜெபித்தார் என்பதற்காக அடுத்த மாதம் பெட்டிச் சாவியை அவர் கையில் கொடுப்பது இரக்கம் இல்லை. அவருக்கே நல்லதும் இல்லை. வரி வசூல்காரன் சகேயு அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை திருப்பிக் கொடுக்கிறேன் என்றான், முதலில் அது நடக்கட்டும். குற்றம் நடந்திருந்தால் அது போலீசுக்குப் போக வேண்டிய விஷயம். குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். "அவர் மனந்திரும்பிவிட்டார், சபையின் பெயர் கெட்டுப்போகும்" என்று மூடி வைக்கிறவர்கள் சவுலின் நாற்காலியைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி என் சுவர்.

எங்கள் ஆலயம் ஒரு சரிவில் நிற்கிறது. கீழ்ப்பக்கம் மண் நிரப்பி முற்றத்தைப் பெரிதாக்கக் கருங்கல்லில் உயரமாக ஒரு சுவர் கட்டினோம். பெண்கள் சங்கத்தின் பிடியரிசிப் பணமும் அதில் உண்டு. வேலை பாதியில் இருக்கும்போது எங்கள் சபைக் கொத்தனார் ஒருவர் முற்றத்தில் நின்று சொன்னார்: "சாரே, பொறத்த வெள்ளம் போவ ஓட்டை விடணும். இல்லேன்னா மண்ணு குடிச்ச வெள்ளம் சுவரத் தள்ளும்." அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தில் குறை சொல்கிறார் என்று நினைத்தேன். பத்துப் பதினைந்து பேர் நிற்கிற இடத்தில், "கணக்கு எனக்குத் தெரியும். நீர் போய்ச் சாந்து குழையும்" என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி முப்பது அடி நீளத்துக்குச் சுவர் பக்கத்துப் பறம்பில் (தோட்டத்தில்) நின்ற மரச்சீனிக் கிழங்குச் செடிமேல் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. கமிட்டியில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? இந்த வருஷம் மழை அதிகம் என்றேன். கான்ட்ராக்டர் சிமெண்டைக் குறைத்திருப்பான் என்றும் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. மறுத்துச் சொல்லக்கூடிய ஆளை நான்தான் முன்பே மற்றவர்கள் சிரிக்கும்படி பேசி அனுப்பியிருந்தேனே.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கொத்தனார் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார வைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். தப்பு என்னுடையதுதான், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: "பரவாயில்ல சாரே. ஆனா ஏசினது சபை முற்றத்தில வச்சு. மன்னிப்பு மட்டும் எதுக்கு என் வீட்டுத் திண்ணையில?"

காப்பி இறங்கவில்லை. 

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றேன். முப்பது வருஷம் வகுப்பில் பேசியவனுக்கு நாலு வாக்கியம் பேச நாக்கு புரளவில்லை. அவர் சொன்னார், நான் கேட்கவில்லை, எல்லார் முன்னாலும் அவரை அவமானப்படுத்தினேன், கமிட்டியில் பழியை வேறு ஆள்மேல் போட்டேன். அவ்வளவுதான். கொத்தனார் கடைசி பெஞ்சில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். தவணை முடிய நாலு மாதம்தான் இருந்தது, ஆகவே அதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

சுவரை மறுபடி கட்டும் வேலை அவருக்குப் போனது. ஒருநாள் வழியே போகும்போது எட்டிப் பார்த்தேன். அடி வரிசையில் கல்லுக்கு நடுவே குழாய்த் துண்டுகளை வைத்துக்கொண்டிருந்தார். எத்தனை ஓட்டை விடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அஞ்சடிக்கு ஒண்ணு" என்றார் நிமிராமல். "மொத்தம் எத்தனன்னு நீங்க போட்டுப் பாருங்க சாரே. கணக்கு உங்களுக்குத் தெரியுமே."